பதினாறுக்கு ஒன்பது

என் தம்பி பெண்டாட்டியைப் பற்றி நான் வாய் நிறையப் பேசுவேன் என்று சில வருடங்களுக்கு முன் யாராவது சொல்லியிருந்தால், சொன்னவரை வாசலோடு அனுப்பியிருப்பேன். நாங்கள் வேலை பார்க்கும் பட்டறையில் எல்லோரும் அவளைச் சிக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவள் நான். பாசத்தில் ஒன்றும் வைக்கவில்லை. கல்யாணமாகி வந்த முதல் வாரமே என் துணிக்கொடியை அவிழ்த்து, ஜன்னல் கம்பிக்கும் நாற்காலிக் காலுக்கும் நடுவே என்னவோ மாதிரி கோத்துக் கட்டி, அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. கோபத்தில் வாயில் வந்த பெயர், அப்படியே நிலைத்துவிட்டது.

ஆள் ஒல்லி. பேச்சு அதைவிட ஒல்லி. பத்துக் கேள்வி கேட்டால் ஒன்பதுக்கு 'ம்' என்பாள், பத்தாவதுக்குச் சிரிப்பாள். அவள் அம்மா ஒரு பார்சல் கடையில் பெட்டிக்குக் கயிறு கட்டும் வேலை செய்தவர். மேஜைக்கு அடியில் விழுந்த கயிற்றுத் துண்டுகளை வைத்துக்கொண்டுதான் இவள் வளர்ந்தாள். படிப்பு ஒன்பதாவதோடு சரி. கணக்கில் எத்தனை மார்க் என்று ஒருமுறை கேட்டேன். அதைச் சொல்லாமல், பேப்பரை மடித்து எதையோ பண்ணிக்காட்ட ஆரம்பித்தாள். அதிலிருந்தே மார்க் என்னவாக இருந்திருக்கும் என்று புரிந்துகொண்டேன்.

அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். எங்களுடையது தரைவிரிப்புப் பட்டறை. ரப்பர், கார்பெட், பிளாஸ்டிக் விரிப்பு எல்லாம் சுருள் சுருளாக வரும். அறையை அளந்து, வெட்டி, ஓரம் கட்டி, கொண்டுபோய்ப் பசை போட்டு ஒட்டிக்கொடுப்போம். நுழைந்தவுடன் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு மேஜை, ஒரு போன், ஆர்டர் எழுதும் நோட்டு, ஒரு நாற்காலி. இருபத்தேழு வயதில் கணவனை இழந்து வந்து அதில் உட்கார்ந்தவள் நான். அதில் உட்கார்ந்தபடியேதான் தம்பியைப் படிக்க வைத்தேன், லாரி ஓட்டக் கற்றுக்கொள்ள வைத்தேன், கல்யாணமும் செய்து வைத்தேன். இருபத்திரண்டு வருடம். அது என் நாற்காலி. நான் இல்லாத நேரத்தில் வேறு யாராவது உட்கார்ந்தால் அந்தச் சூடு ஆறும்வரை நின்றுகொண்டே வேலை பார்ப்பேன், அவ்வளவு திமிர் எனக்கு.

சிக்கு வந்த பிறகு மதியச் சாப்பாட்டு வேளையின் லட்சணமே மாறிப்போனது. ஒருநாள் என் இரண்டு மணிக்கட்டையும் ஒரு கயிற்றின் இரு முனைகளில் கட்டினாள். எங்கள் பட்டறையின் பெரிய வெட்டுக்காரர் தொப்பையண்ணன். அவருடைய மணிக்கட்டுகளை இன்னொரு கயிற்றில் கட்டினாள். அந்தக் கயிறு என் கயிற்றுக்குள் நுழைந்து போனது. முடிச்சை அவிழ்க்காமல், கயிற்றை அறுக்காமல் இரண்டு பேரும் பிரிய வேண்டுமாம். நான் அவர் கயிற்றைத் தாண்டினேன், அவர் என் தலைக்கு மேல் கையைக் கொண்டுபோனார், அவருடைய தொப்பை நடுவில் வந்து நின்றது, சுற்றி இருந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கால் மணி நேரம் குரங்காட்டம் ஆடினோம். இது ஆகாத காரியம், வேலையைப் பாருங்கள் என்று கத்தினேன். சிக்கு வந்தாள். என் கயிற்றின் நடுவைப் பிடித்து, தொப்பையண்ணன் மணிக்கட்டைச் சுற்றியிருந்த வளையத்துக்கு அடியில் நுழைத்து, அவர் விரல்களுக்கு மேலாக எடுத்து விட்டாள். நான் தனி, அவர் தனி.

"முடிச்சையே பாத்தீங்க அண்ணி. கையைச் சுத்தி இருக்கிற ஓட்டையைப் பாக்கல" என்றாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எனக்கு மூக்கு உடைந்த மாதிரி ஆயிற்று. ஆனால் அதோடு நிற்கவில்லை. கார்பெட் ஓரம் கட்டும் நாடாவில் ஒரு முழம் மிச்சம் கிடந்தால் அதை ஒரு முறுக்கு முறுக்கி, முனைகளை ஒட்டி வளையமாக்கிக் கொடுப்பாள். நடுக்கோட்டிலேயே சுற்றி வெட்டுங்கள் என்பாள். நடுவில் வெட்டினால் இரண்டு வளையம்தானே வரும், இதில் என்ன அதிசயம் என்று வெட்டினேன். ஒரே வளையம் வந்தது, முன்பு இருந்ததைப்போல இரண்டு மடங்கு பெரிதாக. நான் சத்தியமாக இரண்டாகத்தான் வெட்டினேன். இன்னொன்று கொடுத்து, இந்த முறை ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி வெட்டச் சொன்னாள். கத்தரிக்கோல் இரண்டு சுற்றுச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. கையில் இரண்டு வளையங்கள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு. எங்கே மாட்டியது, யார் மாட்டியது? 'ப்ச்' என்று மேஜைமேல் போட்டுவிட்டு என் இடத்துக்குப் போய்விட்டேன். ஆனால் அன்று வீட்டுக்குப் போனதும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பழைய செய்தித்தாளைக் கீறி, சோற்றுப் பருக்கையால் ஒட்டி, நானே தனியாக வெட்டிப் பார்த்தேன். அதே மாதிரி வந்தது. உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. வெளியே வந்து அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் நான் என்ன செய்தேன் தெரியுமா? அதுவரை சாப்பாட்டு வேளையில் என் மேஜையைச் சுற்றித்தான் கூட்டம் இருக்கும், ஊர்க்கதை எல்லாம் என்னிடம்தான் கேட்பார்கள். இப்போது எல்லோரும் அவளிடம் போனார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. நாடாவை வீணாக்குகிறாள், வேலை நேரத்தில் விளையாடுகிறாள் என்று சின்ன முதலாளியிடம் வத்தி வைத்தேன். அவரும் அவளை வெட்டு மேஜையிலிருந்து எடுத்துப் பசை அறைக்குப் போட்டுவிட்டார். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. பசை வாடை தலையைப் பிளக்கும். ஏன் மாற்றினார்கள் என்று அவள் என்னைக் கேட்கவில்லை. யார் காரணம் என்று அவளுக்குத் தெரியும், தெரியும் என்பது எனக்கும் தெரியும். வீட்டில் வழக்கம்போலவே எனக்குக் காபி கலந்து கொடுத்தாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இந்தச் சின்ன முதலாளி பெரிய முதலாளிக்குப் பிறகு வந்தவர். கெட்டவர் இல்லை, ஆனால் என் மேஜைமேல் அவருக்கு ஒரு கண். அதற்கு முந்தைய வருடம் ஒரு திரையரங்கின் படிகளுக்குப் பச்சை விரிப்பு கேட்டிருந்தார்கள், நான் நீலம் என்று எழுதிவிட்டேன். அன்றே சொல்லிவிட்டார்: இன்னொரு தடவை இப்படி ஆனால் அங்கே கம்ப்யூட்டரோடு வேறு ஆள் உட்காருவார், அக்கா ஓய்வெடுத்துக்கொள்ளலாம் என்று. மரியாதையாகத்தான் சொன்னார். அதிலிருந்து ஒவ்வொரு ஆர்டரையும் மூன்று தடவை படித்த பிறகுதான் நோட்டை மூடுவேன்.

மூன்று தடவை படித்தும் ஒரு தப்பு தப்பாகவே தெரியாமல் இருக்க முடியும் என்பதை ஒரு வியாழக்கிழமைதான் கற்றுக்கொண்டேன். ஒரு மருத்துவமனையில் அடிபட்டவர்களுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் நடைப் பயிற்சி கொடுக்கப் புது அறை கட்டியிருந்தார்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி, கச்சிதமான சதுரம். அதற்கு விரல் தடிமனில் மெத்து மெத்தென்று ஒரு ரப்பர் விரிப்பு வேண்டும். எங்கள் பட்டறையில் எல்லாமே சதுர அடிக் கணக்குத்தான். சுருள்கள் ஒரே அகலத்தில் வருவதால் மொத்தச் சதுர அடியைச் சொன்னால் போதும், மீதியைத் தொப்பையண்ணன் பார்த்துக்கொள்வார். இருபத்திரண்டு வருடப் பழக்கம். அதே பழக்கத்தில் ரப்பர் விரிப்பு செய்யும் மில்லுக்கும் 'நூற்று நாற்பத்து நான்கு சதுர அடி, ஒரே துண்டு' என்று எழுதி அனுப்பிவிட்டேன். இது சுருள் இல்லை, கேட்ட அளவுக்கு வார்த்துக் கொடுக்கும் சரக்கு என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. மில்லில் இருந்த அச்சின் அகலம் ஒன்பது அடி. அவர்கள் பதினாறுக்கு ஒன்பது என்று வார்த்து அனுப்பிவிட்டார்கள். பெருக்கிப் பாருங்கள், நூற்று நாற்பத்து நான்குதான். அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

தொப்பையண்ணன் அதை விரித்து டேப்பை வைத்தவுடன் என் முகத்தைப் பார்த்தார். மில்லுக்குப் போன் போட்டேன். இன்னொன்று வார்க்க இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். திங்கட்கிழமை அறையைத் திறக்கிறார்கள், சனிக்கிழமை நாங்கள் விரித்தாக வேண்டும். சின்ன முதலாளி வெளியூரில், சனிக்கிழமை நேராக மருத்துவமனைக்கே வருகிறார். ஒட்டுப்போட்டுச் சரிசெய்யலாம் என்றால் மருத்துவமனைக் கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தது: அதிகபட்சம் ஒரே ஒரு ஒட்டு. காலை இழுத்து இழுத்து நடக்கிறவர்களின் விரல் மாட்டிக்கொள்ளக் கூடாதே.

நான் தாளில் போட்டுப் பார்த்தேன். பதினாறிலிருந்து நான்கடியை நறுக்கினால் பன்னிரண்டுக்கு ஒன்பது மிஞ்சும். நறுக்கிய துண்டில் மூன்றடி அகலத்தை எடுத்து மேலே வைத்தால் ஒன்பதடி மூடும், இன்னும் மூன்றுக்கு மூன்று காலியாக நிற்கும். அதை அடைக்க ஓரடி அகலத்தில் மூன்று பட்டை. ஆக ஐந்து துண்டு. தொப்பையண்ணனிடம் காட்டினேன். இது தரையா, ஒட்டுப்போட்ட பாவாடையா என்று கேட்டார். வேறு நாளாக இருந்தால் அவரை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன். அன்றைக்குத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. பசை அறையிலிருந்து வந்த சிக்கு என்னைப் பார்த்துவிட்டு எதிரே வந்து நின்றாள். என்ன வேண்டும் உனக்கு, வேடிக்கையா என்று எரிந்து விழுந்தேன். அவள் போகவில்லை. மேஜையில் விரிந்து கிடந்த மருத்துவமனைக் கடிதத்தைப் படித்தாள், பிறகு வெளியே போய் விரிப்பைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். திரும்பி வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: அதற்கு மேல் பக்கம், கீழ்ப் பக்கம் உண்டா? உண்டு, மேல் பக்கம் சொரசொரப்பு, கீழே வழுவழுப்பு, திருப்பிப் போட முடியாது என்றேன். 'ம்' என்றாள்.

என் நோட்டிலிருந்து கட்டம் போட்ட தாளைக் கிழித்தாள். என் நோட்டைக் கிழிக்க அதுவரை யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. பதினாறு கட்டம் நீளம், ஒன்பது கட்டம் உயரம் என்று ஒரு துண்டு வெட்டினாள். குறுக்காக வெட்டிப் பார்த்தாள், வரவில்லை, கசக்கிப் போட்டாள். இன்னொன்று வெட்டினாள், அதுவும் குப்பைக்குப் போயிற்று. அரை மணி நேரம் ஆகியிருக்கும். நான் கடிகாரத்தைப் பார்ப்பதும் அவளைப் பார்ப்பதுமாக இருந்தேன். திடீரென்று அவள் கை நின்றது.

"நீளத்துல நாலு குறையணும், உயரத்துல மூணு ஏறணும்" என்றாள் மெதுவாக. "அப்போ நாலுக்கு மூணுன்னு படி வெட்டினா, ஒரு படி ஏறினாப் போதும்ல அண்ணி?"

எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. அவள் மேல் ஓரத்தில் நான்கு கட்டம் தள்ளிக் கத்தரியை வைத்தாள். மூன்று கட்டம் கீழே, நான்கு கட்டம் வலது பக்கம், மறுபடி மூன்று கீழே, நான்கு வலது, கடைசியாக மூன்று கீழே. மாடிப்படி மாதிரி ஒரே வெட்டு. தாள் இரண்டு துண்டாயிற்று. அவற்றை வெட்டிய இடத்திலேயே சேர்த்து வைத்து என் பக்கம் நகர்த்தினாள். மேல் துண்டை ஒரு படி ஏற்றுங்கள் என்றாள்.

நான் ஒரு விரலால் தள்ளினேன். மேல் துண்டு இடது பக்கம் நகர்ந்து, ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்தது. பல்லுக்குப் பல் பொருந்தியது. என் கண் முன்னால் நீட்டுத் தாள் சதுரமாகிவிட்டது.

ஸ்கேலை எடுத்து நான்கு பக்கமும் அளந்தேன். பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. மூலைக்கு மூலை அளந்தேன், இரண்டும் சமம். பின்னால் தள்ளினேன், பதினாறுக்கு ஒன்பது. முன்னால் தள்ளினேன், சதுரம். ஒரு இம்மி கூட்டவில்லை, ஒரு இம்மி எறியவில்லை. எத்தனை தடவை அப்படித் தள்ளினேனோ தெரியாது. ஆயிரக்கணக்கான அறைகளுக்கு அளவு எழுதியவள் நான். சதுர அடி என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேனே, அதற்குள் இப்படி ஒரு படிக்கட்டு இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே! அவள் தரையில் விழுந்த தாள் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

தாளில் வந்துவிட்டது, சரி. விரல் தடிமன் ரப்பரில் பதினேழு அடி வெட்டு. ஒரு மூலை கோணினால் ஒட்டு வாயைப் பிளக்கும், அப்புறம் அதைக் குப்பையில்தான் போட வேண்டும். தொப்பையண்ணன் கத்தியைத் தொடமாட்டேன் என்றார், நேர்க்கோடுதான் தன் கை பழகியது என்றார். சிக்கு என்னைப் பார்த்தாள். தப்பு என்னுடையது, அதனால் வெட்டச் சொல்ல வேண்டியவளும் நான்தான். வெட்டு என்றேன். வெள்ளிக்கிழமை காலை முழுவதும் வெட்டினாள். நான் மண்டி போட்டு இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஒரே இழுப்பில் அது அறுபடாது, ஒவ்வொரு கோட்டையும் மூன்று முறை இழுக்க வேண்டும். மூலை வந்தால் கத்தியை நிமிர்த்தி, மூச்சை நிறுத்தி, குத்தி எடுப்பாள். நானும் மூச்சை நிறுத்தினேன். கடைசி மூலை முடிந்ததும் தொப்பையண்ணனும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து மேல் துண்டைத் தூக்கி ஒரு படி ஏற்றி வைத்தார்கள். அவரே டேப்பை வைத்து அளந்தார், அளந்துவிட்டுத் தலைமேல் கையை வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குள் மருத்துவமனை அறையில் ஒட்டி முடித்துவிட்டோம். சுவரோரம் ஒரு நகம்கூட நுழையவில்லை. மருத்துவமனை இன்ஜினியர் வந்தார், கூடவே சின்ன முதலாளியும் வந்தார். இன்ஜினியர் குனிந்து ஒட்டின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே அறையைக் குறுக்கே கடந்தார். ஒரே ஒட்டு, அதிலும் நேர்க்கோடாக இல்லாமல் படிப்படியாகப் போவது இழுத்து நடக்கிற காலுக்கு நல்லதுதான், தெரிந்துதான் இப்படிச் செய்தீர்களா என்று கேட்டார். சின்ன முதலாளிக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் முகம் மலர்ந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, இது உங்க யோசனையா?"

ஒரு 'ஆமா' போதும். நாற்காலி எனக்குக் கடைசிவரை நிலைத்துவிடும். தொப்பையண்ணன் வேறு பக்கம் பார்த்தார், அவர் காட்டிக்கொடுக்கிற ஆள் இல்லை. சிக்கு மூலையில் மண்டி போட்டுப் பசைத் துணியை அலசிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. எத்தனையோ பேர் இனி அந்தத் தரையில் முதல் அடி எடுத்து வைக்கப் போகிறார்கள், அது எப்படிச் சதுரமானது என்று ஒருவருக்கும் தெரியப் போவதில்லை.

"இல்ல தம்பி. தப்பு என்னோடது. அளவு எழுதாம சதுர அடியை மட்டும் எழுதி அனுப்பிட்டேன், பதினாறுக்கு ஒன்பதுன்னு வந்துச்சு. அதைச் சதுரமாக்கினது இவ. யோசனையும் இவளோடது, வெட்டினதும் இவ. பசை அறையில இருக்க வேண்டியவ இல்ல, அவளை அங்க போடச் சொல்லி உங்ககிட்டச் சொன்னதும் நான்தான்."

இன்ஜினியர் போன பிறகு சின்ன முதலாளி என்னை வெளியே நடைக்கூடத்துக்குக் கூப்பிட்டார். சிக்குவைத் திங்கட்கிழமையிலிருந்து வெட்டு மேஜைக்கே போடுவதாகச் சொன்னார். அப்புறம் கொஞ்சம் மென்று முழுங்கி, ஆர்டர் நோட்டையும் மேஜைச் சாவியையும் தொப்பையண்ணனிடம் கொடுத்துவிடும்படி சொன்னார். முன்பே சொல்லியிருந்தேனே அக்கா என்றார். சொல்லியிருந்தார்தான். நான் தலையாட்டினேன். வலிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். படிக்கட்டில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

பாதிப் படியில் சிக்கு ஓடிவந்து சேர்ந்துகொண்டாள். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கண் சிவந்திருந்தது. கையில் பசை அப்படியே இருந்தது.

"ஏன் அண்ணி சொன்னீங்க? நான் செத்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேனே."

"அது தெரிஞ்சுதாண்டி சொன்னேன்."